பொன்னுரங்கம் எம்.பி. வீட்டில் அமலான மசோதாக்கள்

நாடாளுமன்ற உறுப்பினர் பொன்னுரங்கம் தன் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்களில் ஒன்றுகூட டெல்லியில் நிறைவேறவில்லை. ஆனால் எல்லாமே கச்சிராயபாளையத்தில் அவருடைய வீட்டுக்குள் மட்டும் அமலுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை அங்கே அறிமுகம் செய்தால், சனிக்கிழமை பால்காரர் வருவதற்குள் சட்டம் இங்கே வந்துவிடும். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு முழம் போகாது. தெருவில் நின்ற வேப்பமரத்தின் ஒரு கிளை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிளைக்கு மட்டும் சட்டம் பொருந்தும், மரத்துக்குப் பொருந்தாது. ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் கோமுகி அணையில் தண்ணீர் இல்லை, கரும்பு ஆலை பணம் தரவில்லை, பேசுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

தனிநபர் மசோதா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர், நாட்டுக்கு இப்படியொரு சட்டம் வேண்டும் என்று தானாக எழுதிக் கொண்டுவருவது அது. அதற்கென்று வெள்ளிக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். அமைச்சர்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்ட நேரம் அது, மிச்சம் இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கி உட்கார்ந்திருப்பார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால் விவாதம் நடக்கும். விவாதத்தின் முடிவில் ஒரு துணை அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் நல்ல எண்ணத்தைப் பாராட்டி, அரசு பரிசீலிக்கும் என்பார். உறுப்பினர் நன்றி சொல்லி மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். நல்ல காரியம் செய்த பேரும் கிடைக்கும், அதனால் வருகிற தொல்லையும் இல்லை. பொன்னுரங்கத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவராக இருக்க அவருக்கு ஆசைதான், அதற்கு ஆகிற செலவுதான் பிடிக்கவில்லை.

முதலில் வந்தது குத்தகைதாரர் பாதுகாப்பு மசோதா. பொன்னுரங்கத்தின் வீட்டில் பரம்பரையாக இரண்டு மரக்கால் உண்டு. குத்தகை நெல்லை வாங்கி அளக்கப் பெரியது, கூலி நெல்லை அளந்து கொடுக்கச் சின்னது. ஊரில் வசதியான வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். சனிக்கிழமை காலையில் இரண்டும் ஒரே அளவாக இருந்தன. கொல்லனைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார்கள். தட்டத் தட்ட இரண்டும் சேர்ந்தே பெருத்தன, சேர்ந்தே சிறுத்தன. அடுத்தது வரதட்சணை ஒழிப்புத் திருத்த மசோதா. மருமகள் திருநாவலூரிலிருந்து கொண்டுவந்த நகையெல்லாம் பீரோவில் இல்லை. திருநாவலூரில் அவளுடைய அம்மா அரிசி களையும்போது குண்டானுக்குள் ஒட்டியாணம் கிடைத்தது. சம்பந்தி வீட்டார் ரொம்ப நாகரிகமானவர்கள், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாவது, அரசியல் கூட்டங்களில் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் பேசக்கூடாது என்கிற மசோதா. அன்றிலிருந்து பொன்னுரங்கம் வீட்டில் வாயைத் திறந்தால் பத்தாவது நிமிஷம் குரல் நின்றுவிடும், உதடு மட்டும் அசையும். அவருடைய மனைவி விஜயலட்சுமி அதற்காகத் திருவந்திபுரம் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்காக என்று கேட்டவர்களிடம் குடும்ப நன்மைக்கு என்று மட்டும் சொன்னாள்.

மசோதாக்களை எழுதிக் கொடுத்தவர் தீனதயாளன், எம்.பி.யின் உதவியாளர், முன்பு கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். நடப்பது என்னவென்று முதலில் புரிந்துகொண்டதும் அவர்தான். இனிமேல் மசோதாவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் மசோதா இல்லாத எம்.பி. தேர்தல் நோட்டீசில் எதைப் போடுவது? கடைசியில் இருவரும் யோசித்து, வீட்டில் வேலை செய்ய வழியே இல்லாத ஒரு மசோதாவைத் தயார் செய்தார்கள். நாட்டின் கலங்கரை விளக்கங்களை நல்ல முறையில் பராமரிக்க வேண்டும் என்பது அது. கச்சிராயபாளையத்திலிருந்து கடல் பார்க்க வேண்டுமானால் அரை நாள் பேருந்தில் போக வேண்டும். சனிக்கிழமை காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கலங்கரை விளக்கம் நின்றது. ராத்திரி முழுக்கச் சுற்றியது. தெருச் சேவல்கள் எல்லாம் நேரம் தெரியாமல் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போயின. வெளிச்சத்துக்கு மட்டும் காம்பவுண்டுச் சுவர் தடையாக இல்லை. அது கல்வராயன் மலை வரைக்கும் போய் வந்தது. வெள்ளிமலைக்கும் மேலே, அப்போது மின்சாரம் எட்டாத ஒரு சின்ன ஊரில், சாலம்மாள் என்பவளின் மகள் சங்கவி பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மலைக்காரர்கள் சாமை விதைத்துச் சாப்பிடுகிறவர்கள், மண்ணெண்ணெய்க்கு எங்கே போவார்கள்? விளக்கு ஒரு சுற்று வரும்போது அவள் வீட்டுச் சுவரில் வெளிச்சம் படும், அதற்குள் அவள் ஒரு வரி படிப்பாள். அடுத்த வரிக்கு அடுத்த சுற்று. இப்படியே வரலாறு, பூகோளம், கணக்கு எல்லாவற்றையும் படித்து முடித்துப் பாஸ் செய்தாள். மலைக்கு வெளிச்சம் கொடுத்தேன் என்று பொன்னுரங்கம் பின்னாளில் மேடையில் பேசியபோது அது பொய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சமவெளியில் எண்ணிக்கையில் பெரிய, கையில் ஒன்றுமில்லாத மக்கள், எங்கள் பங்கை எங்களுக்குத் தனியாகக் கொடு என்று ரோட்டில் இறங்கினார்கள். பொன்னுரங்கமும் அதே சாதிதான், ஆனால் அவருடைய கட்சி இன்னொரு பக்கம் இருந்தது. அதனால் அவருடைய கருத்து ஊருக்கு ஊர் மாறியது. கள்ளக்குறிச்சியில் முழு ஆதரவு. திருநாவலூரில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு வந்ததால் அரசியல் பேச விருப்பமில்லை. சென்னையில் தலைமை எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். டெல்லியில் ஆழ்ந்த கவலை. எண்பத்தேழு செப்டம்பரில் ரோடெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்து மறியல் நடந்த வாரம், அவர் சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். அந்த வாரத்தில் உயிரை விட்டவர்களைப் பற்றி இங்கே கேலி எதுவும் கிடையாது, அது நெஞ்சு எரிந்த வாரம். கேலி பொன்னுரங்கத்தைப் பற்றி மட்டும்தான். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த கரும்பு வெட்டும் ஆட்கள், எம்.பி. எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். உங்கள் நடுவில்தான் இருக்கிறேன் என்றார். அப்படியென்றால் நடுவில் உட்காருங்கள் என்று இடம் விட்டார்கள். இரண்டு நாள் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில், மக்கள்தொகைக்கு ஏற்ப எல்லாச் சாதிக்கும், எல்லாப் பிரிவுக்கும் எல்லா இடத்திலும் பங்கு கொடுக்கிற மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவருவதாகச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, வரப்பு வழியாக நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

இந்த மசோதாவும் வீட்டுக்கு வந்துவிடுமே என்று தீனதயாளன் பதறினார். பொன்னுரங்கம் கொஞ்சமும் அசரவில்லை.

"வந்தா வரட்டும்யா. நம்ம வூட்ல இன்னா, நம்ம சாதி மட்டும்தான இருக்குது. நமக்கு நாமே ஒதுக்கிக்கினு இருந்துடலாம்."

ஆயுசு முழுக்க ஒரே சாதி ஆட்களை மட்டுமே உள்கட்டு வரை விட்டுப் பழகியவர், அந்த வீட்டுக்குள் வேறு யாரும் வர முடியும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. டிசம்பரில் மசோதா அறிமுகமானது. பத்து அறைகள் உள்ள வீடு அது. சனிக்கிழமை காலையில் எந்த அறைக்குள்ளும் குடும்பத்தார் நுழைய முடியவில்லை, வாசற்படியில் கால் வைத்தால் கால் திரும்பி வந்தது. மாறாக, யாருக்கு எந்த அறை என்பது அந்தந்த ஆட்களுக்கே எப்படியோ தெரிந்திருந்தது. பொன்னுரங்கத்தின் சாதிக்குத்தான் அதிக அறைகள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சாதியில் தலையை எண்ணிப் பார்த்தால் கரும்பு வெட்டுகிறவர்களும் செங்கல் அறுக்கிறவர்களும்தான் இருந்தார்கள். புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து பாய் விரித்தார்கள். தெருப்பக்கத்தில் எம்.பி. மனு வாங்குகிற அறை காலனிக்கு. அங்கே பாவாடை என்கிற தையல்காரர் மிஷினைக் கொண்டுவந்து போட்டார். இதுவரை அந்த வீட்டுத் துணியைத் தெருவில் நின்றபடி வாங்கிப் போனவர் அவர். விஜயலட்சுமி அவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தாள். மறுநாள் வீட்டிலிருந்த எல்லா டம்ளரும் ஒரே மாதிரி நசுங்கி, எது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. எம்.பி. என்கிற ஒரு ஆளுக்கு, நாட்டின் மக்கள்தொகையில் அவருடைய விகிதப்படி, ஒன்றுமே வரவில்லை. இரக்கப்பட்டு வராந்தாவில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக்கொள்ளச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டது.

பெண்கள் பாதிப்பேர் அல்லவா, அதனால் குடும்பத்தாரில் விஜயலட்சுமிக்கு மட்டும் நடுக்கூடத்தை ஒட்டிய அறை வந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்தப் பத்து அறை வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. சமையல்கட்டில் பாதி நாள், பூஜை அறையில் மீதி நாள். இந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. முதல் நாள் மத்தியானம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள். வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இருந்தாலும் வெளியே வந்ததும் கணவனிடம் ஒரு மூச்சு சண்டை போட்டாள்.

"இன்னாங்க இது, நீங்க டெல்லியில எதுனா பேசினா அது ஏன் என் அடுப்படியில வந்து நிக்குது? மொதல்ல போயி அத வாபஸ் வாங்கிக்கினு வாங்க."

பொன்னுரங்கமும் வாபஸ் வாங்கத்தான் போனார். ஆனால் பீரங்கி வாங்கியதில் ஊழல் என்று எழுந்த கூச்சலில் சபை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒத்திவைக்கப்பட்டது. ஒன்றரை வருஷம் அவர் வாபஸ் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார். சட்டை துவைத்துத் துவைத்துக் கடிதம் பஞ்சாகிவிட்டது.

மலைக்காரர்களுக்கு விழுந்தது நெல் கொட்டி வைக்கிற அறை. நெல்லெல்லாம் தானாகவே முற்றத்துக்கு வந்துவிட்டது, அறை சும்மா கிடந்தது. எண்பத்தெட்டு ஜூனில் சாலம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினாள். கள்ளக்குறிச்சியில் பிளஸ் ஒன் சேர்த்தாயிற்று, தங்குவதற்கு விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் மலையிலிருந்து வந்து போக முடியாது. பேருந்து ஒன்றுதான், அதுவும் மழை பெய்தால் வராது. படிப்பை விட்டால் ஆடிக்குள் கல்யாணம் என்று சித்தப்பன்காரன் சொல்லி வைத்திருந்தான். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே இரண்டு பிள்ளைகள். டீக்கடையில் யாரோ எம்.பி. வீட்டைக் கைகாட்டினார்கள். சாலம்மாள் தயங்கி வாசலில் நின்றபோது நெல் அறையின் கதவு திறந்தது. சங்கவி உள்ளே போனாள், அவளுடைய கால் திரும்பி வரவில்லை. விஜயலட்சுமி சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து என்று பொதுவாகக் கேட்டாள். அந்தப் பெண் தனக்குத்தான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"பிளஸ் டூ பரீட்ச முடியறவரைக்குங்கம்மா. தொண்ணூறு மார்ச்சு. அப்புறம் டீச்சர் டிரெயினிங்குக்குப் போயிடுவேன்."

எந்த எம்.பி.யும் அவ்வளவு திட்டமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. விஜயலட்சுமிக்கு அவள் மேல் பெற்ற மகளைப்போலப் பாசம் வந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள், அதெல்லாம் கதை. சங்கவி வைத்த மிளகு ரசம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவள் சத்தம் போட்டுப் படிப்பதும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் அடுத்தடுத்த அறையில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் கதவை மற்றவர் தட்டாமல் இருந்தது மட்டும் நிஜம்.

எண்பத்தொன்பது மார்ச்சில் போராட்டக்காரர்களுக்குச் சென்னையில் அரசாணை வந்தது. கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, கிடைத்ததை ஏற்றுக்கொண்டார்கள். நவம்பரில் தேர்தல். பொன்னுரங்கம் தன் மசோதாக்களையெல்லாம் நோட்டீசில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார். அவர் வீட்டிலேயே தங்கியிருந்த கரும்பு வெட்டும் ஆட்கள் அதை வாங்கி மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டு வேறு சின்னத்தில் குத்தினார்கள். தோற்றார். மக்களவை கலைந்தது. கலைந்தால் அறிமுகமாகிக் கிடக்கிற மசோதாக்களெல்லாம் காலாவதியாகிவிடும் என்பது விதி. இதைத் தீனதயாளன் மாலைப் பேப்பரில் படித்துவிட்டு ஓடி வந்து சொல்வதற்குள் வீடு வேலையை ஆரம்பித்துவிட்டது. இரண்டு மரக்காலும் பிரிந்து ஒன்று பெருத்தது, ஒன்று சிறுத்தது. கலங்கரை விளக்கம் அணைந்து தண்ணீர்த் தொட்டியின் நிழலாகப் போனது. திருநாவலூரில் சம்பந்தியம்மா நகைப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதால் அது மட்டும் வந்து சேரவில்லை. பாவாடையின் தையல் மிஷின் தெருவில் நின்றது, பக்கத்தில் பாவாடை நின்றார். செங்கல் அறுக்கிறவர்களின் பாய்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சுருட்டியபடி கிடந்தன. பொன்னுரங்கம் நிறுத்தாமல் இருபது நிமிஷம் பேசிப் பார்த்தார், குரல் நன்றாக வந்தது.

நெல் அறையில் மட்டும் ஆள் உள்ளே இருந்தாள். சங்கவிக்குப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம்கூட இல்லை. அவள் வெளியே போகவில்லை என்றதும் நெல் திரும்பி வர ஆரம்பித்தது. தரையிலிருந்து ஊறியது. முதல் நாள் கணுக்கால் வரை, இரண்டாம் நாள் முழங்கால் வரை. புத்தகங்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, நெல்லின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தாள். சாலம்மாள் மலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, போதும், வீட்டுக்கு வா என்று அழுதாள். சித்தப்பன் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டதையும் சேர்த்துச் சொல்லி அழுதாள். வர மாட்டேன் என்றாள் மகள். வியாழக்கிழமை அவளுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து உட்காருகிற இடம்தான் மிச்சம் இருந்தது.

அதே வியாழக்கிழமை விஜயலட்சுமி தன் அறைக்குள் போனபோது அங்கே கணவனுடைய பழைய பைல் கட்டுகளும், மாலைகளும், பொன்னாடை மூட்டைகளும் அடுக்கியிருந்தன. கதவின் உள்பக்கம் தடவிப் பார்த்தாள், தாழ்ப்பாள் இல்லை. ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை. பிறகு சமையல்கட்டுக்குப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். அந்தக் கதவு எந்தக் காலத்திலும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதில்லை, அதன் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருந்தது. தீனதயாளனைக் கூப்பிட்டு, டெல்லியில் அந்த மசோதாவை எத்தனை பேர் கை தூக்கி ஓகே செய்தார்கள் என்று கேட்டாள். யாரும் தூக்கவில்லை, அறிமுகம் மட்டும்தான் ஆனது என்றார் அவர். அறிமுகத்துக்கே இவ்வளவு நடந்ததா என்று அவள் திரும்பக் கேட்டாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எல்லாரையும் வரச்சொல் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொல்லை வழியாக எல்லாரும் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், செங்கல் அறுக்கிறவர்கள், காலனி ஆட்கள், பாவாடை, சாலம்மாள். பெண்கள் சரிபாதி. தொகுதியில் யார் யார் எவ்வளவு பேரோ அதே கணக்கில் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். டெல்லியில் அப்படியொரு சபை இதுவரை கூடியதில்லை, இனிக் கூடுவதாகவும் தெரியவில்லை. சங்கவி நெல்லின் உச்சியில் படுத்தபடி, கதவுக்கு மேலிருந்த காற்றுப் பலகணி வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயலட்சுமி ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தாள். தீனதயாளன் பங்கு மசோதாவை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். யாரும் தூங்கவில்லை.

பொன்னுரங்கம் எழுந்தார். கொள்கை அளவில் தான் இதை முழுமனதாக ஆதரிப்பதாகவும், ஆனால் நடைமுறை சரியில்லை என்றும், வீட்டுத் தலைவரிடம் முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்கவில்லை என்றும், ஆகவே ஆதரிக்கவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் வெளிநடப்பு செய்வதாகவும் சொன்னார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவாசல் வழியாக வெளியே போனார். அவர் எத்தனையோ முறை வெளிநடப்பு செய்தவர். டெல்லியில் வெளியே வந்தால் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடலாம்.

உள்ளே விஜயலட்சுமி சுற்றிலும் பார்த்தாள்.

"வேணும்றவங்க கைய தூக்குங்க. யோசிச்சிக்கினு தூக்குங்க, அப்புறம் என்னாண்ட வந்து மாத்திப் பேசக்கூடாது."

எல்லாக் கையும் மேலே போயின. பலகணி வழியாக ஒரு கை வெளியே வந்தது. மசோதா நிறைவேறியது. நெல் அறையில் ஆற்றுத் தண்ணீர் வடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நெல் இறங்கி இறங்கிச் சங்கவியை மெதுவாகத் தரையில் உட்கார வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்க் குவிந்தது. பாவாடை தன் மிஷினைத் தூக்கிவரத் தெருவுக்குப் போகலாம் என்று எழுந்தார், அதற்குள் அது தெருப்பக்கத்து அறையில் இருந்தது. விஜயலட்சுமி எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவின் உள்பக்கம் தடவினாள். தாழ்ப்பாள் இருந்தது, போட்டுக்கொண்டாள்.

பொன்னுரங்கம் டீ குடித்துவிட்டு வந்தபோது வாசற்படியில் வைத்த கால் திரும்பி வந்தது. ஜன்னல் பக்கமாகப் போய் மனைவியைக் கூப்பிட்டார். தான் எப்போது உள்ளே வருவது என்று தணிந்த குரலில் கேட்டார்.

"உங்க பங்கு எவ்ளோன்னு எண்ணிப் பாத்துட்டு சொல்றேன், அதுவரிக்கும் இருங்க" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

எண்ணி முடிக்க மூன்று நாள் ஆனது. நிறைவேறிய சட்டத்தில் இரக்கத்துக்கு இடமில்லை, ஆனால் முதியோர் என்கிற கணக்கில் வராந்தாக் கட்டில் அவருக்கு வந்தது. அதில் பதினோரு வருஷம் படுத்திருந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அந்தச் சட்டம் தன் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதானே என்று ஊரும் விட்டுவிட்டது. சங்கவி பிளஸ் டூவில் பாஸாகி, டீச்சர் டிரெயினிங் முடித்து, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சித்தப்பன் குறித்த தேதியில் வேறு யாருக்கோ கல்யாணம் நடந்தது. அந்த வீட்டில் சட்டம் இன்றைக்கும் அமலில்தான் இருக்கிறது. வாரிசுகள் ஒருமுறை நீதிமன்றம் போனார்கள், வீட்டில் இருந்தவர்கள் நடுக்கூடத்தில் கூட்டம் போட்டு அவர்களுடைய மனுவைக் கேட்டுப் பரிசீலிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், மலையிலிருந்து பெட்டியோடு ஒரு பெண் வந்து இறங்கும்போது நெல் அறையின் கதவு தானே திறந்துகொள்கிறது. வீட்டில் யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.